கவிழ்ந்த ரொட்டி

"உனக்குப் பேச வராதா, இல்ல என்கிட்ட மட்டும் பேச மாட்டியா?"

இன்ஸ்பெக்டர் காலோஜெரோ எங்கள் கடைக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்த அன்று என்னிடம் கேட்ட கேள்வி இது. பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து ஒத்தாவியா அத்தை முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு எல்லாம் வரும். பேச்சுதான் கொஞ்சம் லேட்டா வரும். நீங்க சூப்பைக் குடிங்க, ஆறிடப் போகுது."

அத்தை சொன்னது சரிதான். எங்கள் பள்ளியில் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். எழுதுகிற பரீட்சையில் எப்படியோ தப்பித்துக்கொள்வேன். வாயால் சொல்கிற பரீட்சையில் பதில் தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். போ நதி எந்தக் கடலில் கலக்கிறது என்று ஒரு நாள் கேட்டார். எனக்குத் தெரியும். வகுப்பே சிரிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேராக அத்தை கடைக்கு வந்தேன். அதோடு சரி. அத்தை ஒரு ஏப்ரனை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டாள். தட்டைக் கொண்டுபோய் வைக்கப் பேச்சு எதற்கு?

கடை எங்கள் ஊரான மொந்தெசால்வோவின் மணிக்கூண்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சமையலறையின் பின்சுவரே மணிக்கூண்டின் சுவர்தான். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே இரண்டு அறைகளில் நானும் அத்தையும். பளிங்குப் பலகையும் இரும்புக் கால்களும் கொண்ட பழைய மேசைகள். நாற்காலிகள் மரம்.

அந்த இலையுதிர் காலத்தில் மணிக்கூண்டு சாயத் தொடங்கிவிட்டதாக நகரசபை அறிவித்தது. எனக்குத் தெரிந்து அது என்றைக்கும் நேராக நின்றதில்லை. அத்தையின் கல்யாணப் போட்டோவில்கூட, மாமா மேல் அத்தை சாய்ந்திருப்பதைவிட அத்தை மேல் மணிக்கூண்டு கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருக்கிறது. ஆனால் பொதுப்பணிக்குப் பொறுப்பான கவுன்சிலர் பாந்தோல்ஃபிக்கு அது திடீரென்று கண்ணில் பட்டுவிட்டது. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள வீடுகளை எல்லாம் பாதுகாப்புக்காகக் காலிசெய்ய வேண்டும் என்றார். காலியான வீடுகளை அவருடைய மைத்துனர் வாங்கி ஓட்டலாக்கப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நகரசபையின் சொந்தப் பொறியாளர்கள் இரண்டு பேர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இன்னும் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும் என்று சொல்லி இறங்கினார்கள். உடனே கவுன்சிலர் ஸ்வீடனிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தார். பெயர் லிண்ட்மார்க். சாய்ந்த கோபுரங்களில் உலகப் புகழ் பெற்றவராம். மணிக்கூண்டு ஆபத்தானது என்று அவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமைக்குள் நாங்கள் வெளியேற வேண்டும் என்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த விவகாரத்தைத் துருவத்தான் இன்ஸ்பெக்டர் காலோஜெரோவை அனுப்பியிருந்தார்கள். சிசிலிக்காரர். குட்டையாக, தடித்த மீசையோடு, எப்போதும் பசியோடு இருப்பார். விசாரணை எங்கே போனாலும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் கடையில் வந்து முடியும்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார். ரொட்டியை வெட்டி வாயில் போட்டவுடன் வழக்கமான பாட்டைத் தொடங்கினார்.

"ஒத்தாவியாம்மா, இன்னிக்கும் உப்பு போடலை."

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து போடலை. உங்களுக்காகப் போடணுமாக்கும்?"

"எங்க ஊர்ல இப்படி ஒரு ரொட்டியை விருந்தாளிக்கு வெச்சா கைது பண்ணுவோம்."

"உங்க ஊர்ல கைது பண்ண வேண்டியவங்களைப் பண்ணாமத்தானே உங்களை இங்க தள்ளிவிட்டாங்க."

பக்கத்து மேசையில் இருந்த கொத்தனார்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்காமல் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நிஜத்தைச் சொல்லுங்க. திங்கக்கிழமை நாங்க போகணுமா?"

இன்ஸ்பெக்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லாம் அந்த ஸ்வீடன்காரன் கையெழுத்துல நிக்குது, ஒத்தாவியாம்மா. எனக்கு அவன் மூஞ்சியே பிடிக்கலை. இன்னிக்குச் சாயங்கால ரயில்ல கிளம்பறான். அப்புறம் நான் ஸ்டாக்ஹோமுக்கு எழுதி, அவங்க யோசிச்சுப் பதில் போடறதுக்குள்ள, இங்க ஓட்டல் திறந்து எனக்கே ரூம் குடுத்துடுவாங்க."

"பாஸ்போர்ட்டைக் கேளுங்களேன்."

"கேட்டேனே! கவுன்சிலர் உடனே எங்க மேலதிகாரிக்குப் போன் போட்டுட்டார். வெளிநாட்டு விருந்தாளியை அவமானப்படுத்தறேனாம். சந்தேகப்பட ஒரு காரணம் காட்டு, அப்புறம் கேளுன்னார் மேலதிகாரி. மூஞ்சி பிடிக்கலைங்கிறதைக் காரணமா எழுத முடியுமா?"

அத்தை எழுந்தாள். "வெள்ளிக்கிழமை, அதுவும் பதினேழாந்தேதி. இன்னிக்குக் கடையைத் திறந்ததே தப்பு."

எங்கள் ஊரில் பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் யாரும் பெண் பார்க்கப் போவதில்லை, பல்கூடப் பிடுங்கிக்கொள்வதில்லை. அத்தை சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. கவுன்சிலர் பாந்தோல்ஃபி. பின்னால் பேராசிரியர்.

கவுன்சிலரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேசாமல் இருந்ததை மொந்தெசால்வோவில் யாரும் கண்டதில்லை. குழாயைத் திறந்துவைக்கக் கூப்பிட்டால் தண்ணீர் வருவதற்கு முன்னால் உரை வந்துவிடும். சவ ஊர்வலத்தில்கூடப் பாதிரியாரைவிட இவர்தான் அதிகம் பேசுவார்.

"ஒத்தாவியா! என் மேல கோபம்தானே? தெரியும்! நான் உன் எதிரி இல்லேன்னு காட்டத்தான் கடைசிச் சாப்பாட்டுக்கு இங்கயே கூட்டிட்டு வந்தேன். பேராசிரியர் உன் கறுப்புக் காளான் பாஸ்தாவைச் சாப்பிடாம இந்த ஊரை விட்டுப் போகலாமா? பஸ் டிப்போ பக்கத்துல உனக்கு நல்ல இடமா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். வெளிச்சம்! காத்து!"

"டீசல் காத்து," என்றாள் அத்தை. "உட்காருங்க. கூரை விழுந்தா எல்லாருமா சேர்ந்தே போயிடலாம்."

பேராசிரியர் உயரமாக, வைக்கோல் நிறத் தலைமுடியோடு, கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். எங்கள் மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாது என்பதால் எல்லாவற்றுக்கும் புன்னகைத்து "யெஸ், யெஸ்" என்பார். கூரையைப் பற்றி அத்தை சொன்னதும் அவர் கை மேசைக்கு அடியில் போனது. கைக்குட்டையைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பலகையில் பாதி ரொட்டியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன். எங்களை வீதிக்குத் துரத்துகிற மனிதருக்குச் சோறு போடுகிறோமே என்ற கோபத்தில் பலகையைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன். ரொட்டி பலகையிலிருந்து நழுவி மேசையில் கவிழ்ந்து விழுந்தது. தட்டையான அடிப்பக்கம் மேலே, உப்பிய முதுகு கீழே. கவனிக்காமல் திரும்பிவிட்டேன். இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது.

ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது. ஏன் என்று எங்கள் நாட்டில் யாரும் கேட்டதில்லை. கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். சரிசெய்யத் திரும்பினேன்.

கவுன்சிலர் இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ விவரித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அவர் முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை தானாகவே ஊர்ந்து போய் ரொட்டியைப் புரட்டி நேராக வைத்தது. அழுத குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதன் முதுகில் இரண்டு விரலால் தட்டியது. பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டது. கை செய்தது அவருக்கே தெரிந்திருக்காது.

கோடையில் எத்தனை வெளிநாட்டுப் பயணிகளைப் பார்க்கிறேன்! ரொட்டியைக் கவிழ்த்தும் வைப்பார்கள், செங்குத்தாகவும் நிறுத்துவார்கள். ஒரு டச்சுக் குழந்தை அதன்மேல் தலைவைத்தே தூங்கியது. அவர்கள் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. நான்தான் மேசை மேசையாகப் போய்ப் புரட்டி வைப்பேன்.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். ஓடினேன் என்றால், கரும்பலகைக்குப் போகிற மாதிரிதான்.

"என்ன பொண்ணே? பில்லா?"

இல்லை என்று தலையாட்டினேன். பதில் வழக்கம்போலத் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

"சீஸா? இல்லையா? பின்னே என்ன?"

வேறு வழி தெரியாமல் அவர் மேசையிலிருந்த ரொட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஐயையோ! என்ன காரியம் பண்றே! இருக்கிற கஷ்டம் போதாதா எனக்கு?" பதறிப்போய்ப் புரட்டினார்.

நான் மறுபடி கவிழ்த்தேன். அவர் மறுபடி புரட்டினார். நான் மறுபடி கவிழ்த்தேன்.

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றாள் சமையலறை வாசலிலிருந்து அத்தை.

முகவாயால் பேராசிரியரின் மேசையைக் காட்டினேன். இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. போய் இன்னொரு பாதி ரொட்டியை எடுத்தேன். நேராகப் பேராசிரியர் முன்னால் கொண்டுபோய், வேண்டுமென்றே கவிழ்த்து வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டரின் பார்வையை மறைக்காமல் ஒதுங்கி நின்றேன்.

இந்த முறை கவுன்சிலரின் கையும் கிளம்பியது. ஆனால் பேராசிரியரின் கை வேகமானது. புரட்டல். தட்டு, தட்டு.

இன்ஸ்பெக்டரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தக் கையைப் பார்த்தார். தன் முன்னால் கவிழ்ந்து கிடந்த ரொட்டியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். மீசைக்கு அடியில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. எங்கள் ஊர் ரொட்டியைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நான் தட்டை எடுக்கப் போனபோது மெதுவாகச் சொன்னார்: "கெட்டிக்காரி. ஆனா இது பத்தாது. சும்மா நகர்த்தி வெச்சேன்னு சொல்லிடுவான். இன்னும் ஒண்ணு வேணும்."

தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மேசையில் உட்கார்ந்தார்.

"கவுன்சிலர் சார், பேராசிரியரை வழியனுப்பலாம்னு வந்தேன். சண்டை போட்டுட்டுப் பிரியக் கூடாது பாருங்க."

"அதானே! அப்படிச் சொல்லுங்க! நானும் இதையேதான் நேத்து..."

"இவருக்கு நம்ம பாஷை சுத்தமா வராதாமே?"

"ஒரு எழுத்து தெரியாது! பாஸ்தான்னா மட்டும் தெரியும்!" கவுன்சிலர் தானே சொல்லித் தானே சிரித்தார். பேராசிரியரும் "யெஸ், யெஸ்" என்று சிரித்தார்.

"அப்போ மனசு விட்டுப் பேசலாம்." இன்ஸ்பெக்டர் பேராசிரியரின் முகத்தை உற்றுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம் சார், இந்த மனுஷன். எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தார். இதே நிறம். இதே மாதிரி காது மடல் வெளுத்திருக்கும். நல்லா, இப்படித்தான், பாஸ்தாவைச் சுருட்டிச் சுருட்டிச் சாப்பிட்டுட்டு இருந்தார். கிறிஸ்துமஸைப் பார்க்கலை."

பேராசிரியரின் புன்னகை அப்படியே இருந்தது. அதில் ஈரம் மட்டும் வற்றிவிட்டது.

"வெள்ளிக்கிழமை வேற. பதினேழு வேற. நான் காலையில ஸ்டேஷன்ல விசாரிச்சேன். இவர் போற ரயில்லயே ஒரு சவப்பெட்டியும் போகுதாம். நீளமான பெட்டி. இன்னும் காலியாத்தான் இருக்குன்னாங்க."

"யெஸ்," என்றார் பேராசிரியர், குரலே இல்லாமல்.

இன்ஸ்பெக்டர் தன் நாப்கினைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் மேலே வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒத்தாவியாம்மா, கொஞ்சம் இங்க வாங்க. ஸ்வீடன்லேர்ந்து ஒரு கை வந்து உங்க மேசையோட இரும்புக் காலைப் பிடிச்சுட்டு இருக்கு."

கடையில் இருந்த அத்தனை பேரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். பேராசிரியரின் ஐந்து விரலும் வெளுக்கும் அளவுக்கு இரும்பைப் பற்றியிருந்தன. அபசகுனமான பேச்சு காதில் விழுந்தால் எங்கள் நாட்டில் எல்லோரும் செய்வதுதான்.

"எதிர்ப்பக்கத்துக் காலையும் ஒரு கை பிடிச்சிருக்கே, சார்!" என்றார் கொத்தனார் ஒருவர்.

"அது நம்ம கவுன்சிலரோடது. அவர் இந்த ஊர்தான்னு நமக்குச் சந்தேகமே இல்லை."

சிரிப்பில் கண்ணாடிக் கிளாஸ்கள் குலுங்கின. இன்ஸ்பெக்டர் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டார். "மேலதிகாரி கேட்ட காரணம் கிடைச்சாச்சு. பேராசிரியரே, அடையாள அட்டை."

கவுன்சிலர் துள்ளி எழுந்தார். "என்ன அநியாயம் இது! அபசகுனமா ஏதாவது காதுல விழுந்தா இரும்பைத் தொடறது மனுஷ சுபாவம்! உலகம் பூரா உள்ள பழக்கம்! ஸ்வீடன்ல, இங்கிலாந்துல, எங்க போனாலும்..."

"அங்கெல்லாம் மரத்தைத் தொடுவாங்க."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது. சொன்னது நான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாய் திறந்துவிட்டது, இனி மூடி என்ன பயன் என்று மீதியையும் சொன்னேன்.

"கோடையில வர்றவங்க எல்லாரும் நாற்காலியைத் தட்டுவாங்க, சார். நாற்காலி மரம். இவர் அதுமேலதான் உட்கார்ந்திருக்கார். ஆனா கை இரும்பைத் தேடிப் போச்சு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். போ நதி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது என்பதையும் அப்போதே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பேராசிரியர் கம்பளித் துண்டைக் கழுத்திலிருந்து பிடுங்கி எறிந்தார். கவுன்சிலரைப் பார்த்துக் கத்தினார். சுத்தமான எங்கள் மொழியில், வெனிஸ் பக்கத்து இழுவையோடு.

"நான் அப்பவே சொன்னேன்ல, வெள்ளிக்கிழமை பதினேழு வேணாம்னு! நேத்தே போயிடறேன்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன்! காளான் சாப்பிட்டுட்டுப் போகலாம், காளான் சாப்பிட்டுட்டுப் போகலாம்னு நீதானேய்யா உயிரை வாங்கினே!"

அவர் பெயர் குவால்தியேரோ. ஊர் த்ரெவீசோவுக்குப் பக்கம். தொழில், சமையலறை அலமாரி விற்பது. கவுன்சிலருடைய மைத்துனரின் ஓட்டல்களுக்கு அலமாரி கொடுத்த வகையில் பழக்கமாம். பிறந்ததிலிருந்தே அவருக்கு அந்த வைக்கோல் தலைமுடி, அதனால் வந்த வினை. அடையாள அட்டையை அவரே எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் திணித்துவிட்டார். "அந்தச் சவப்பெட்டி... நிஜமா சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பொய். நீங்க உண்மையைச் சொல்லிட்டீங்க, இனிமே நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

அத்தைக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. "முதல்ல இதைச் சொல்லுங்க. என் கூரைக்கு என்ன?"

"கூரைக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் மேல ஏறவே இல்லை. எனக்கு உயரம்னாலே தலை சுத்தும்," என்றார் குவால்தியேரோ.

அத்தை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொத்தனார்கள் மேசையைத் தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் நீதிபதிக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு, கடைக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் போய்க் கிழித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது இனிமே என்னோட சாட்சி. திங்கக்கிழமை எனக்குப் பயறு சூப், ஒத்தாவியாம்மா. ரொட்டியில ஒரு சிட்டிகை உப்பு."

"சூப் உண்டு," என்றாள் அத்தை.

கவுன்சிலர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒரு கொத்தனார் இன்ஸ்பெக்டரிடம், அவரைப் பிடிக்க வேண்டாமா என்று ஜாடை காட்டினார். "எங்க போயிடுவார்? ஊரைச் சுத்திக் கோட்டைச் சுவர், அதுக்கு ஒரே வாசல். அங்க எங்க ஆளுங்க நிக்கறாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் கவுன்சிலரையே பார்த்தோம். இப்போது ஒரு உரை வரும் என்று காத்திருந்தோம். அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். வார்த்தை தொண்டைவரை வந்து உட்கார்ந்துகொண்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"காபி வேணாங்களா, சார்?" என்று கேட்டேன்.

அவர் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். கோட்டின் ஓரம் பட்டு மேசையிலிருந்த ரொட்டி கவிழ்ந்தது. நின்றார். கையை நீட்டி அதைப் புரட்டி நேராக வைத்தார். பிறகு கதவைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் சதுக்கத்தில் இறங்கி நடந்தார்.